குர்பா பிறந்த வயல்

நீடாமங்கலம் கடைத்தெருவில் மீரா உசேன் வைத்திருந்த இரும்புக்கடையின் பெயர் ‘குர்பா ஸ்டோர்ஸ்’. அறுப்பு அரிவாள், மண்வெட்டி, கொக்கி, தாம்புக்கயிறு என்று வயலுக்கு வேண்டிய சகலமும் அங்கே கிடைக்கும். குருமா மட்டும் கிடைக்காது. இதைச் சொல்லிச் சொல்லியே அவருடைய தொண்டை பாதி வற்றிப்போயிருந்தது. ரயிலைவிட்டு இறங்குகிறவர்கள் பசி மயக்கத்தில் பலகையைத் தப்பாகப் படித்துவிட்டு உள்ளே நுழைந்து, “பரோட்டா சூடா இருக்கா பாய்?” என்பார்கள். நாளடைவில் ஊரே அவரைக் ‘குருமா பாய்’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

தப்பு அவருடையதுதான். வாலிபத்தில் பினாங்கில் ஒரு மளிகைக்கடையில் வேலை பார்த்தபோது, பக்கத்துச் சந்தில் ஒரு சீனத்து வாத்தியார் எஸ்பெராந்தோ என்ற மொழியைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். உலகத்து மனிதர்கள் எல்லோரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளட்டும் என்று, போலந்துப் பக்கத்துக் கண் வைத்தியர் ஒருவர் தானாக உட்கார்ந்து உண்டாக்கிய மொழி. மீரா உசேன் வகுப்பில் சேர்ந்தது உலக சமாதானத்துக்காக அல்ல. டீயும் பிஸ்கட்டும் சும்மா கொடுத்தார்கள். பாதிப் புத்தகம் முடிந்து, இறந்தகாலம் ஆரம்பிக்கிற சமயத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். வாத்தியார் ஒரு பக்கம் ஓட, மாணவர் கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தார். ஆகவே அந்த மொழியில் நடந்து முடிந்த எதையும் அவருக்குச் சொல்ல வராது.

‘குர்பா’ என்றால் வளைந்தது. லத்தீனிலிருந்து எடுத்த சொல் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அரிவாள் வளைந்த பொருள்தானே என்று கடைக்கு அதையே பெயராக வைத்தார். அரிவாள் ஒரு சாக்கு. ரயிலில் போகிற எஸ்பெராந்தோக்காரர் யாராவது பலகையைப் பார்த்துவிட்டு, “ஆஹா, நம்ம ஆள்!” என்று குதித்து இறங்கி வருவார் என்ற ஆசைதான் உண்மைக் காரணம். இருபத்தைந்து வருஷமாக ஒருவரும் குதிக்கவில்லை. நாகூருக்கும் தஞ்சாவூருக்கும் இடையில் அந்த மொழி தெரிந்த ஒரே மனிதராக, தப்பாகப் பேசினாலும் திருத்த ஆளில்லாத பெரும் புலவராக அவர் வாழ்ந்துகொண்டிருந்தார்.

தமிழை அரியணையில் ஏற்றுவதாகச் சொன்ன ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கடைப் பலகைகளில் அயல்மொழிச் சொல் இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஒரு தை மாதக் காலையில், அலுவலர் கலியபெருமாள் கையில் தார் டப்பாவும் தூரிகையுமாக ஏணியில் ஏறி ‘ஸ்டோர்ஸ்’ என்பதை மூச்சு விடாமல் அழித்தார். ‘குர்பா’வுக்கு வந்ததும் கை நின்றது.

“இது இங்கிலீஷா பாய்?”

“இல்லீங்க.”

“ஹிந்தியா?” என்று கேட்டபோது அவர் முகத்தில் ஒரு வேட்டைக்காரனின் ஆவல் தெரிந்தது.

“அய்யய்யோ, இல்லீங்க. எஸ்பெராந்தோ.”

“எந்த நாட்டுப் பாஷை?”

“அதுக்கு நாடு கெடையாதுங்க.”

கலியபெருமாள் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். “நாடில்லாம எப்படி? அயல்மொழியத்தான் அழிக்கச் சொல்லியிருக்கு. அயல்னா அதுக்கு ஒரு நாடு வேணும்ல? நான்பாட்டுக்கு அழிச்சுட்டு, நாளைக்கு அது தமிழா இருந்து தொலைச்சுதுன்னா என் வேலை போயிடும்.”

“அப்ப விட்டுடுங்க.”

“விட்டுட்டு அது தமிழா இல்லாம தொலைச்சாலும் போயிடும்.”

தார் சொட்டி மீரா உசேனின் வேட்டியில் விழுந்தது. கடைசியில் கலியபெருமாள் இறங்கிவந்து, இதைத் தீர்க்கக் கூடிய இடம் ஒன்றுதான் உண்டு என்றார். தஞ்சாவூர் சொல்வேர் இயக்ககம்.

உலகத்துச் சொற்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று கண்டுபிடிப்பதற்காக அமைக்கப்பட்டது அந்த இயக்ககம். முகப்பில் ஒரு பெரிய உலகப் படம் மாட்டியிருந்தது. தஞ்சாவூரிலிருந்து எல்லாத் திசைக்கும் சிவப்பு அம்புகள் கிளம்பிப் போயின. வந்த அம்பு ஒன்றுகூட இல்லை. மேஜைகளில் காகிதங்களை வாழைநாரால் கட்டி வைத்திருந்தார்கள். ஸ்டேப்ளருக்கு இன்னும் தமிழ்ப் பெயர் முடிவாகவில்லையாம். பெயரில்லாத பொருளைக் கையாள விதியில் இடமில்லை. ‘தைப்பி’ என்ற கட்சியும் ‘கவ்வி’ என்ற கட்சியும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் எதிரெதிர் அறைகளில் உட்கார்ந்திருந்தன.

இயக்குநருக்குப் பெற்றோர் வைத்த பெயர் குஞ்சிதபாதம். அது வடமொழி என்று தெரிந்த அன்றே சோறிறங்காமல், வளைந்த பாதம் என்ற அதன் பொருளை வைத்து ‘வளையடியார்’ என்று மாற்றிக்கொண்டார். வீட்டில் குழம்பு கேட்பதானாலும் மேடைத் தமிழில்தான் கேட்பார் என்று சொல்வார்கள்.

“குர்பா என்பதன் பொருள் யாது?” என்றார்.

“வளைஞ்சதுங்க.”

வளையடியார் கண்களை மூடிக்கொண்டார். சுற்றியிருந்த உதவியாளர்கள் பேனாவைத் திறந்தார்கள்.

“நும் ஊரில் குறுவை விளைகிறதா?”

“விளையுதுங்க.”

“குறுவைக் கதிர் முற்றினால் என்ன ஆகும்?”

“தலை சாயுங்க.”

“சாயும் என்னாதீர். வளையும்!” மேஜையில் ஓங்கி ஒரு தட்டு. “குறுவை. குறுபை. குர்பை. குர்பா! கடல் கடக்கும்போது வகரம் பகரமாகும். உப்புக் காற்று!”

உதவியாளர்கள் ‘உப்புக் காற்று’ என்று எழுதிக்கொண்டார்கள்.

மீரா உசேனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, “அய்யா, அந்த பாஷைய ஒரு கண் டாக்டரு…” என்று ஆரம்பித்தார்.

“கண் மருத்துவரா! கண்டவர்! கதிர் வளைந்ததைக் கண்ணால் கண்டவர்! வேறு சான்றும் வேண்டுமோ?”

வாத்தியார் லத்தீன் என்று சொன்னாரே, அதையாவது சொல்லிவிடலாம் என்று மீரா உசேன் வாயைத் திறந்தார். அந்த நொடியில் அவர் தோளில் பொன்னாடை வந்து விழுந்தது. பொன்னாடை விழுந்த பிறகு மறுத்துப் பேசியவன் நம் ஜில்லாவில் இன்னும் பிறக்கவில்லை. மீரா உசேன் தலையை ஆட்டினார். ஆட்டும்போதே, ‘ஒருவேளை அப்படியும் இருக்குமோ’ என்று தோன்றியதுதான் வேடிக்கை. பஸ் கோவில்வெண்ணியைத் தாண்டியபோது நிச்சயமாக அப்படித்தான் என்று ஆகிவிட்டது.

வீட்டில் மனைவி ஜன்னத் பீவி பொன்னாடையைத் தடவிப் பார்த்தாள். “இத என்னங்க பண்றது? தோளுல போட்டா வேர்க்குது, தரையில விரிச்சா வழுக்குது.”

“மரியாதைக்குக் கொடுத்தது ஜன்னத்து.”

“எதுக்கு மரியாதை?”

“தலைய ஆட்டினேன்.”

“அதுக்கா? வீட்டுல இத்தினி வருஷமா ஆட்டுறீங்க, நான் ஒரு துண்டு கூடக் கொடுத்ததில்லையே!”

பத்திரிகைகளில் செய்தி வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் கடையைப் பார்க்க வந்தார்கள். ‘குர்பா பாய்’ என்று வாய் திருந்திக் கூப்பிட்டார்கள். அரிவாள் வாங்க வந்தவர்களுக்கு அவர் முதலில் சொல்லின் வரலாற்றைச் சொன்னார். அதைக் கேட்டு முடித்தவர்கள் அரிவாளை எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டார்கள்.

சொல் தமிழ்ச் சொல்தான் என்றான பிறகு, அது எந்த வயலில் பிறந்தது என்ற கேள்வி எழுந்தது. வளையடியார் ஜீப்பில் உதவியாளர்களோடு புறப்பட்டு வந்தார். வயல்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் வரப்பில் நின்று திகைத்தார்கள். அப்போது எதிரே வந்தார் கொண்டல்மூலை மிராசுதார் பஞ்சநதம்.

பஞ்சநதத்துக்கு அந்த நேரம் பெரிய கவலை. உச்சவரம்புச் சட்டம் வந்து, அவருடைய நிலத்தில் உபரி என்று கண்டதைப் பிடித்து, அதில் தலைமுறையாகப் பாடுபட்ட கூலிக்காரக் குடும்பங்களுக்குக் கொடுக்கப்போவதாக இருந்தது. மச்சினன் பேரிலும் கோயில் பேரிலும் எழுதியது போக, கூலிக்காரர் குடியிருப்பை ஒட்டிய ஒரு வேலி நிலம், ஏழு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, மிச்சம். அதை மாட்டின் பேரில் எழுதலாமா என்றுகூட வக்கீலிடம் கேட்டுவிட்டார்.

“அந்தச் சொல்லு எங்க வயல்லதான் பொறந்தது” என்றார் பஞ்சநதம், பத்து நிமிஷம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு. “எங்க பாட்டனாரு காலத்துலயே ஒரு வெள்ளைக்காரரு வந்து கதிரப் பாத்துக்கிட்டு நின்னாராம்.”

“கண் மருத்துவரா?” என்றார் வளையடியார், குரல் நடுங்க.

“கண்ணாடி போட்டிருந்தாருன்னு சொல்லுவாங்க.”

பஞ்சநதம் வீட்டில் இலை போட்டார்கள். பால் பாயசம், அதற்கு மேல் பாதாம் அல்வா. நடுக்கூடத்தில் மீரா உசேனையும் உட்காரவைத்தது அந்த வீட்டில் அதுவே முதல் தடவை. வளையடியார் அவர் பக்கம் திரும்பி, “கொண்டல்மூலைதான் என்பது நும் கருத்துக்கும் ஒத்துவருகிறதன்றோ?” என்று கேட்டபோது, வாய் நிறைய அல்வா இருந்தது. மறுபடியும் தலையைத்தான் ஆட்ட முடிந்தது.

கலைக்கும் கல்விக்கும் என்று சட்டத்தில் விட்டுவைத்த சந்து ஒன்று இருந்தது. அதன் வழியாக அந்த ஒரு வேலியும் ‘சொல் பிறந்த நிலம்’ ஆகி, உச்சவரம்பிலிருந்து விலக்குப் பெற்றது. பஞ்சநதம் நில உரிமையாளரும் சொல்லின் அறங்காவலரும் ஆனார். நாலு மூலையிலும் கல் நட்டு, கலியபெருமாளைச் ‘சொற்காவலர்’ என்று மாற்றி, ஒரு விசிலோடு அங்கே நிறுத்தினார்கள்.

விஷயம் என்னவென்று மீரா உசேனுக்கு நாகம்மாள் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. கொண்டல்மூலைக் குடியிருப்புப் பெண்களுக்கு எது என்றாலும் முன்னால் நிற்கிறவள் அவள். கூலிப் போராட்டத்தில் ஒரு தடவை ஜெயிலுக்கும் போய்வந்தவள். கடை வாசலில் நின்று, சத்தம் போடாமல்தான் பேசினாள்.

“அரிவா வாங்க வரல பாய். ஒண்ணு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். அந்த நெலம் எங்களுக்குன்னு தாசில்தாரு வந்து அளந்துட்டுப் போனாரு. எங்க வீட்டுக்காரரு செத்த வருசத்துலேருந்து அதுக்காக நடக்கறேன். இப்ப அது ஏதோ வார்த்தைக்குச் சொந்தம்ங்கறாங்க. சாட்சி நீங்களாம்.”

“நான் சாட்சி சொல்லல நாகம்மா. தலைய மட்டுந்தான்…”

“எங்க நெலம் போறதுக்கு அது போதும் பாய்.”

அவள் போன பிறகு மீரா உசேன் கல்லாவில் உட்கார்ந்தபடியே இருந்தார். தொண்டையில் இன்னும் அல்வா ஒட்டியிருப்பது போல இருந்தது. உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஜன்னத் பீவி, “மேலயும் கீழயும் ஆட்டிட்டு வந்தீங்கல்ல? போயி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிட்டு வாங்க” என்றாள்.

மறுநாளே தஞ்சாவூர் போனார். இந்தத் தடவை தோளில் எதுவும் விழுவதற்கு முன்பே, வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு போனார்: “அய்யா, தப்பு நடந்துபோச்சு. அந்தச் சொல்லு லத்தீனுங்க. என் வாத்தியாரே சொன்னாரு. குறுவைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

ஒரு உதவியாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வளையடியாரோ புன்னகை செய்தார்.

“இலத்தீன். இலத்தீன் என்றால் என்ன?”

“ஒரு பாஷைங்க.”

“இலை, தீன். இலையில் தின்றவன்! இலை போட்டு உண்பவன் இவ்வுலகில் யார்? பஞ்சநதனார் இல்லத்தில் நீரே உண்டீரே!”

மீரா உசேன் சுவரைப் பிடித்துக்கொண்டார். “அய்யா, நீங்க உண்மையக் கண்டுபிடிக்கறவங்க இல்லியா?”

“அல்லோம்” என்றார் வளையடியார் பெருந்தன்மையோடு. “உண்மை முன்பே நம்மிடம் இருக்கிறது. அதற்குச் சான்று தேடுவதே நம் பணி. சான்று ஒத்துவராவிடில் சான்றைத் திருத்துவோம். உண்மையைத் திருத்தும் இழிசெயல் இங்கே நடந்ததில்லை.”

“ஏழை சனங்களோட நெலம் போவுதுங்களே?”

“நிலத்தைப் பற்றி நாம் ஒன்றும் அறியோம். நிலம் என்ற சொல்லைப் பற்றிக் கேளும், மூன்று நாள் உரைப்போம்.”

ராஜினாமா செய்ய அவருக்குப் பதவி எதுவும் இல்லை. அந்தக் குறை இருக்கக் கூடாது என்று நினைத்தோ என்னவோ, வளையடியார் அங்கேயே அவரை ‘உலகச்சொல் தூதர்’ ஆக நியமித்து இன்னொரு பொன்னாடையைப் போர்த்தினார். மறுக்கத்தான் வந்தார். ஆனால் ‘தூதர்’ என்ற வார்த்தை காதில் விழுந்ததும் முதுகு தன்னால் நிமிர்ந்ததை அவராலேயே தடுக்க முடியவில்லை. திரும்பி வரும்போது, பஸ் ஜன்னலில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, தூதருக்கு இப்படிப் பரட்டைத் தலை ஆகாது என்று சீவிக்கொண்டார்.

ஆனி பிறந்து மேட்டூர்த் தண்ணீர் வந்தது. அமைச்சர் ஒருவர் வந்து சொல் பிறந்த நிலத்தைப் பார்வையிடுவதாக ஏற்பாடாயிற்று. வெறும் நிலத்தில் அமைச்சர் எதைப் பார்ப்பார்? குறுவை போட்டு, கதிர் வளைந்து காட்ட வேண்டும். இயக்ககத்தாருக்கு நாற்றுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாது. கூலி கொடுக்க அவர்களுக்கு ஒதுக்கீடும் இல்லை. வளையடியார் குடியிருப்புக்கு வந்து ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று பேசினார்.

“உழைக்கும் பெருமக்களே! பயிரிடுங்கள்! விளைச்சல் உங்களுக்கு, வளைச்சல் தமிழுக்கு!”

நாகம்மாள் அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். விளைச்சல் எங்களுக்கா என்றாள். ஆம் என்றார். ஊர் சாட்சியாகச் சொன்னதால், பஞ்சநதத்தாலும் முகத்தைச் சுளிப்பதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. நிலம் கிடைக்காவிட்டாலும் ஒரு போகமாவது வீட்டுக்கு வரட்டும் என்று பெண்கள் இறங்கி நட்டார்கள். களை பறித்தார்கள். பயிர் கண்ணுக்கு நிறைவாக வந்தது. புரட்டாசியில் கதிர் முற்றி, எந்த மொழியில் சொன்னாலும் வளைந்துதான் நின்றது.

அமைச்சர் வரவில்லை. அடுத்த வாரம் என்றார்கள். அந்த வாரம் அவருக்கு வேறு ஊரில் சிலை திறப்பு. அதற்கடுத்த வாரம் என்றார்கள். அதற்குள் இயக்ககத்திலிருந்து உத்தரவு: ‘மாண்புமிகு அமைச்சர் கண்டு களிக்கும் வரை வளைவுக்கு ஊறு விளைவிக்கலாகாது.’ அறுக்கப் போனவர்களைக் கலியபெருமாள் விசில் ஊதி நிறுத்தினார். நெல் தாளில் நின்றபடியே உதிர ஆரம்பித்தது. ஐப்பசி பிறந்து வானம் கிழக்கே கறுத்தது.

நாகம்மாள் மறுபடியும் கடைக்கு வந்தாள்.

“நேத்தே தூறல் போட்டுச்சு பாய். இன்னும் ஒரு மழை பெஞ்சா கதிருலயே முளைச்சிரும். தஞ்சாவூர்ல கேட்டா வளைவுங்கறாங்க. நீங்கதான் பெரிய பதவியில இருக்கீங்களாம். ஏதாச்சும் சொல்லுங்களேன்.”

‘பெரிய பதவி’ என்று அவள் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் அவரைச் சுட்டது. மீரா உசேன் உள்ளே போய் இரண்டு பொன்னாடைகளையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டார். ஜன்னத் பீவி கொக்கியில் தொங்கிய அறுப்பு அரிவாள்களை ஒரு கோணியில் சுருட்டி அவர் சைக்கிளில் கட்டிவிட்டாள்.

கொண்டல்மூலையில் குடியிருப்பே வரப்பில் நின்றது. பஞ்சநதம் குடையோடு தன் வரப்பில் நின்றார். கலியபெருமாள் குறுக்கே வந்தார்.

“பாய், மன்னிச்சுக்குங்க. உத்தரவு இல்லாம யாரும் இறங்கக் கூடாது.”

“உத்தரவு வந்திருக்கு.”

“எழுத்துலயா?”

“அந்த பாஷையில பெரிய உத்தரவெல்லாம் வாயாலதான் சொல்லணும். தூதர்தான் சொல்லணும். முடியற வரைக்கும் காவலர் அசையாம நிக்கணும்” என்றார் மீரா உசேன். இவ்வளவு சரளமாகப் பொய் வருமென்று அவருக்கே தெரியாது. இயக்ககத்துச் சகவாசம்.

“நாட்டுப்பண் மாதிரியா?”

“நாடு இல்லீங்களே. உலகப்பண்.”

கலியபெருமாள் விசிலைப் பையில் போட்டுவிட்டுக் கால் சேர்த்து விறைப்பாக நின்றார். மீரா உசேன் வரப்பில் ஏறினார். முன்னால் ஒரு ஊரே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் இந்தக் கூட்டத்துக்குத்தான் காத்திருந்தார். இப்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு, எங்கிருந்தோ, முதல் பாடம் வந்தது.

“லா சூனோ ப்ரீலாஸ்!” என்று முழங்கினார். சூரியன் பிரகாசிக்கிறது. மேலே மேகம் உறுமியது.

“லா போவோ எஸ்தாஸ் மல்சானா!” மாடு நோயுற்றிருக்கிறது.

“கியே எஸ்தாஸ் லா ஸ்தாட்சிதோமோ?” ரயில்வே ஸ்டேஷன் எங்கே இருக்கிறது? இதைக் கேட்கும்போது கையை வானத்தை நோக்கி நீட்டினார். பஞ்சநதம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“ட்ராஞ்சு!” என்றார் நாகம்மாளைப் பார்த்து. வெட்டு. அவளுக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் எதற்காக ஒரு மனிதர் இரண்டு பொன்னாடையோடு வரப்பில் நின்று கத்துகிறார் என்பது தெரிந்தது. கோணியைப் பிரித்து அரிவாள்களைக் கொடுத்தாள். பெண்கள் வரிசையாக இறங்கினார்கள்.

கலியபெருமாளின் கண் உருண்டது. ஆனால் பண் முடியவில்லையே, எப்படி அசைவது? மீரா உசேனுக்கு அது புரிந்தது. நிறுத்தினால் அறுப்பும் நின்றுவிடும். தயவுசெய்து எனக்குத் தேநீர் கொடுங்கள் என்றார். என் தம்பியின் குடை நீலமானது என்றார். சரக்குத் தீர்ந்ததும் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணினார். பிறகு கீழிறங்கி எண்ணினார். மறுபடியும் சூரியனைப் பிரகாசிக்கவைத்தார். மாடு அன்று முழுக்க நோயுற்றுக்கொண்டே இருந்தது. தொண்டை கட்டியது, நாகம்மாளின் மருமகள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு மடக்கு குடிக்கிற இடைவெளியில் கலியபெருமாள் மூச்சு விட்டுக்கொண்டார். ஆண்கள் கட்டுகளைத் தலையில் தூக்கிக் களத்துக்கு ஓடினார்கள். மழை பிடித்தபோது கடைசிக் கட்டும் வரப்பேறிவிட்டது. மீரா உசேன் அங்கேயே உட்கார்ந்தார். பேச்சு வரவில்லை.

“முடிஞ்சுதா?” என்றார் கலியபெருமாள்.

மீரா உசேன் தலையை ஆட்டினார்.

“நல்லாத்தான் இருக்கு பாய். கொஞ்சம் நீளம்.”

சொல்லிவைத்தது போல, அடுத்த வாரமே அமைச்சர் வந்துவிட்டார். சேற்றில் கார் மாட்டி, நடந்து வந்து, அறுத்த பிறகு மிஞ்சிய வெறும் தாளைப் பார்த்தார். ஈட்டி ஈட்டியாக நேராக நின்றது அது.

“வளைவு எங்கய்யா?”

“பெருமானே,” என்றார் வளையடியார், வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “தங்கள் வருகையறிந்து நாணி, குனிந்து, குனிந்து, மண்ணுக்குள் சென்றுவிட்டது.”

அமைச்சர் சேறு படிந்த வேட்டியைப் பார்த்தார். “எங்க தொகுதியிலயும் குறுவை விளையுதுல்ல?”

“விளைகிறது. ஆராய்ந்து நோக்கின், சொல் அங்கேதான் பிறந்தது.”

நாலு மூலைக் கற்களையும் பிடுங்கி அதே லாரியில் ஏற்றினார்கள். விலக்கும் கூடவே போய்விட்டது. நிலம் மறுபடியும் உபரியாயிற்று. பஞ்சநதம் கோர்ட்டுக்குப் போனார். அதற்குள் நாகம்மாளின் ஆட்கள் அடுத்த போகமான தாளடியை நட்டுவிட்டார்கள். வழக்கு நடக்கிறது, நிலம் அவர்கள் கையில் இருக்கிறது. தூதர் பதவி ரத்தானது. கலியபெருமாள் தாரோடு வந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பலகையில் மிச்சமிருந்ததையும் அழித்தார்.

மார்கழியில் ஒருநாள் நாகம்மாள் மண்வெட்டி வாங்க வந்தாள். தன் வயலுக்கு என்று அவள் வாங்கும் முதல் மண்வெட்டி. காம்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அன்னிக்கு அவ்வளவு நேரம் என்ன பாய் பேசினீங்க? எங்களப் பத்தியா?”

உலக ஒற்றுமை பற்றி என்று சொல்ல மீரா உசேனுக்கு ரொம்பத்தான் ஆசையாக இருந்தது. அடக்கிக்கொண்டார்.

“மாட்டுக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னேன் நாகம்மா. அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். அவ்வளவுதான் தெரியும்.”

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். நாகம்மாள் மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

“வாயில நொரை தள்ளுச்சா?”

“அது புஸ்தகத்துல போடலியே.”

“ஐப்பசி மழைன்னா கோமாரியாத்தான் இருக்கும். குளம்புல வேப்பெண்ணெயும் மஞ்சளும் கொழச்சுத் தடவச் சொல்லுங்க. சேத்துல நிக்கவிடக் கூடாது.”

“சரி,” என்றார் மீரா உசேன், “சொல்லிடறேன்.”